கையில எழுதி வெச்சிருந்த வார்த்தை

மகளுக்கு எட்டு வயசு முடிஞ்சு கொஞ்ச மாசம் ஆகியிருந்துச்சு. ஒருநாள் சாயங்காலம் கையெல்லாம் பெயின்ட்டைக் கொட்டிக்கிட்டு வந்து நின்னா, நான்தான் கழுவி விட்டுட்டு இருந்தேன். இடது உள்ளங்கையில நீல பால்பாயின்ட் பேனாவுல சின்னதா என்னமோ எழுதியிருந்துச்சு. சோப்பு போட்டுத் தேய்ச்சும் போகல, ஏன்னா அது ஒருநாள் எழுதினது இல்ல, மேல மேல எழுதி தோல்லயே ஊறிப்போயிருந்துச்சு. வெளிச்சத்துல காட்டிப் பார்த்தா "கவனி"ன்னு இருந்துச்சு. யாரும்மா எழுதச் சொன்னது, டீச்சரான்னு கேட்டேன். "யாரும் சொல்லலப்பா, நானாத்தான் எழுதுவேன், மறந்துடுறேன்ல"ன்னு சாதாரணமா சொல்லிட்டு, துண்டை இழுத்துத் துடைச்சுக்கிட்டு ஓடிட்டா.

நான் குழாயை மூடாம அப்படியே நின்னுட்டு இருந்தேன்.

அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷமா வீட்டுல எனக்கும் என் மனைவிக்கும் இடையில ஓடிக்கிட்டு இருந்தது ஒரே பேச்சுதான். இவளுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக் குறைவோ துறுதுறுப்போ அளவுக்கு மீறி இருக்கிற நிலை, இருக்கான்னு பாக்குற அசெஸ்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா வேண்டாமா. மனைவி போகணும்னா, நான் வேண்டாம்னேன். பேச்சு பாதி நாள் சண்டையில முடியும், மீதி நாள் யாராவது ஒருத்தர் லைட்டை அணைச்சுட்டுத் திரும்பிப் படுத்துடுவோம். இதே இடத்துல இப்போ நிறைய அம்மா அப்பாக்கள் இருப்பீங்கன்னு தெரியும். எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன், உங்களுக்கு எது பொருந்துதோ எடுத்துக்கங்க.

முதல்ல மக எப்படிப்பட்டவன்னு சொல்லணும். ஓடுற ஆடுற பிள்ளை இல்ல. அடிக்க மாட்டா, கத்த மாட்டா, கிளாஸ்ல யாரையும் தொந்தரவு பண்ண மாட்டா. ஜன்னல் பக்கம் உக்காந்தா ஜன்னல்லயே இருப்பா. ஹோம்வொர்க்குல பத்து கழித்தல் கணக்கு இருக்கும், மூணு கணக்கு சரசரன்னு சரியா போடுவா, நாலாவதுல ஒரு எண்ணை அழிப்பா, அழிச்ச ரப்பர் தூள் நோட்டுல கிடக்கும், அதை விரலால கூட்டி ஒரு கோடா ஆக்குவா, அப்புறம் அந்தக் கோட்டை வளைச்சு ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள ரெண்டு புள்ளி, அது ஒரு முகம் ஆயிடும், அந்த முகத்தோட மெதுவா ஏதோ பேசிக்கிட்டு இருப்பா. நான் கணக்குன்னு சொன்னா திடுக்கிட்டுப் பார்ப்பா. அந்தத் திடுக்கிடல்தான் எனக்கு வலிக்கும், ஏன்னா அது நடிப்பு இல்ல, நிஜமாவே எங்கேயோ இருந்து திரும்பி வர்ற மாதிரி இருக்கும். ஆறாவது கணக்குக்குள்ள அந்தப் பக்கம் அழிச்சு அழிச்சுக் கிழிஞ்சிருக்கும். இருபது நிமிஷ வேலை ரெண்டு மணி நேரம் ஆகும், கடைசி அரை மணி நேரம் அழுகை.

ஸ்கூல்ல இருந்து வர்றதெல்லாம் சின்னச் சின்ன வரிகள். "நல்ல பிள்ளை, ஆனா கனவு காணுது." "புத்திசாலி, முயற்சி பத்தல." முயற்சி பத்தலங்கிற அந்த ரெண்டு வார்த்தையை மூணு வருஷத்துல எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே இல்ல.

நான் வேண்டாம்னு சொன்னதுக்கு என்கிட்ட காரணங்கள் இருந்துச்சு, அதெல்லாம் முட்டாள்தனமான காரணங்கள்னு இப்பவும் நினைக்கல. முதல் காரணம், முத்திரை குத்திட்டா அது ஒட்டிக்கும். டீச்சர் பிள்ளையைப் பாக்குறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டைப் பாப்பாங்க. எதிர்பார்ப்பு குறைஞ்சா பிள்ளையும் குறைஞ்சிடும். இந்த பயத்துக்கு அடிப்படை இல்லாம இல்ல. 1968ல ரோசந்தால், ஜேக்கப்சன்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, சும்மா குலுக்கல் முறையில எடுத்த சில பிள்ளைங்களைக் காட்டி இவங்க இந்த வருஷம் நல்லா முன்னேறுவாங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லி வெச்சாங்க, அந்தப் பிள்ளைங்க சராசரியா மத்தவங்களை விட முன்னேறினதா எழுதினாங்க. பின்னாடி பலரும் அதைக் கேள்வி கேட்டாங்க, அந்த விளைவு அவ்ளோ பெருசு இல்லைன்னும் சொன்னாங்க, ஆனாலும் டீச்சர் மனசுல இருக்கிற எதிர்பார்ப்பு பிள்ளை மேல கொஞ்சமாவது படியும்ங்கிறதை நான் நம்புறேன்.

ரெண்டாவது, மக அவ கிளாஸ்லயே வயசுல சின்னவ. அட்மிஷன் கட்-ஆஃப் தேதிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பிறந்தவ. பக்கத்து பெஞ்ச் பிள்ளைக்கும் இவளுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். இதைப் பத்தித் தேடிப் படிச்சப்போ எனக்குப் பெரிய ஆயுதம் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல ஒன்பது லட்சத்துக்கும் மேல பிள்ளைங்களோட பதிவுகளை வெச்சு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. அங்க கட்-ஆஃப் டிசம்பர் 31. டிசம்பர்ல பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில பிறந்த பையன்களை விட ஏடிஹெச்டின்னு சொல்லப்படுற வாய்ப்பு 30 சதவீதம் அதிகம், பொண்ணுங்களுக்கு 70 சதவீதம் அதிகம். அதாவது வெறும் சின்ன வயசையே சில இடத்துல நோய்னு சொல்லிடுறாங்க. இதை மனைவிகிட்ட காட்டினேன். பொறுமையா படிச்சுட்டு, சரி, அப்போ இதைத் தெரிஞ்ச ஆள்கிட்ட போவோம், போகாமலே இருந்தா இது இவளுக்கு வயசா இல்ல வேற விஷயமான்னு எப்படித் தெரியும்னு கேட்டா. எனக்கு அப்போ பதில் இல்ல, கோவம்தான் வந்துச்சு.

மூணாவது காரணத்தை நான் வெளிய சொன்னதை விட உள்ள அதிகமா வெச்சிருந்தேன். நானும் சின்ன வயசுல இப்படித்தான். எல்லாரும் என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, அந்தப் பேரை இங்க எழுத எனக்கு இன்னும் கை வரல. அப்படி இருந்தும் படிச்சேன், வேலைக்கு வந்தேன், குடும்பம் இருக்கு. நான் நல்லாத்தானே இருக்கேன், அவளும் வந்துடுவான்னு ஒருநாள் சொன்னேன். மனைவி ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "நீங்க இன்னிக்கும் ஒரு ஃபார்ம் ஃபில் பண்ண உக்காந்தா கை நடுங்குது, தப்பு பண்ணிடுவேன்னு மூணு தடவை என்கிட்ட காட்டுறீங்க. அதை நல்லா இருக்கிறதுன்னு நான் நினைக்கலங்க"ன்னா. திட்டல, குத்திக் காட்டல. அவ பார்த்ததைச் சொன்னா.

அப்புறம் படிச்சதுதான், இது குடும்பத்துல நல்லாவே இறங்குற விஷயம். இரட்டையர்களை வெச்சு நடந்த ஆய்வுகள்ல ஏடிஹெச்டியோட பரம்பரைத் தன்மை 70-லருந்து 80 சதவீதம் வரைக்கும்னு வருது, கிட்டத்தட்ட உயரம் மாதிரி. பிள்ளைக்காகப் போய் உக்காந்த அப்பா அம்மாக்கள் கேள்விகளைக் கேட்கக் கேட்க தங்களையே அடையாளம் கண்டுக்கிறது ரொம்ப சகஜமாம். "நானும் அப்படித்தான் இருந்தேன்"ங்கிறதை நான் வேண்டாம்ங்கிறதுக்குக் காரணமா சொல்லிக்கிட்டு இருந்தேன். டாக்டர்கள் அதே வாக்கியத்தை ஒரு தகவலா குறிச்சுக்கிறாங்க.

இந்த இடத்துலதான் உள்ளங்கை எழுத்து வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி மனைவிகிட்ட சொன்னேன். அவளும் பார்த்திருக்கா, ரெண்டு வாரமா இருக்கு, உங்ககிட்ட சொன்னா திரும்ப சண்டை வரும்னு சொல்லலன்னா. அது என்னை ரொம்பவே அடிச்சது. என் பொண்ணு கையில எழுதிக்கிட்டுத் திரியுறதை என் மனைவி என்கிட்ட சொல்ல பயந்திருக்கா.

அன்னிக்கு மனைவி கேட்ட ஒரு கேள்விதான் எங்களை நகர்த்துச்சு. "நீங்க வேண்டாம் வேண்டாம்னு சொல்றீங்களே, எதை வேண்டாம்னு சொல்றீங்க? டெஸ்ட் பண்ணிப் பாக்குறதையா, ரிசல்ட்டை நாம தெரிஞ்சுக்கிறதையா, அவகிட்ட சொல்றதையா, ஸ்கூல்ல சொல்றதையா, மருந்து குடுக்குறதையா?" நான் யோசிச்சுப் பார்த்தா என் பயம் எல்லாம் நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் இருந்துச்சு. முதல் ரெண்டுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஒன்றரை வருஷமா அஞ்சு முடிவை ஒரே முடிவுன்னு நினைச்சு, ஒண்ணுக்குத் தலையாட்டினா அஞ்சுக்கும் தலையாட்டின மாதிரின்னு பயந்து, மொத்தமா கதவை சாத்தி வெச்சிருந்தேன். இதை நான் தடிச்ச எழுத்துல போடணும்னு தோணுது, ஏன்னா இதே தடுமாற்றத்துல எத்தனையோ வீடு நிக்குது. அசெஸ்மென்ட் பண்ணினா ஸ்கூலுக்கு ரிப்போர்ட் குடுத்தே ஆகணும்னு நினைச்சுக்கிறாங்க, பேர் சொல்லிட்டாங்கன்னா மறுநாளே மாத்திரைன்னு நினைச்சுக்கிறாங்க. இது ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நிக்கிறதுக்கு இடம் இருக்கு. ஒண்ணை முடிச்சு ஆறு மாசம் சும்மா இருந்துட்டுக்கூட அடுத்ததை யோசிக்கலாம்.

போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் நோட்டு போட்டோம். ரெண்டு பேரும் தனித்தனியா, ஒருத்தரது ஒருத்தர் பாக்காம. என்ன நடந்துச்சோ அதை மட்டும் எழுதணும், "சோம்பேறித்தனம்", "பிடிவாதம்" மாதிரி வார்த்தை எழுதக் கூடாது. "காலையில ஷூ போடச் சொன்னேன், ஒரு ஷூ போட்டா, லேஸை வெச்சு முடிச்சு போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா, ஏழு நிமிஷம், ரெண்டாவது ஷூ கையிலயே இருந்துச்சு." இப்படி. எழுத ஆரம்பிச்ச பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது, நான் என் பொண்ணைப் பாக்குறதை விட அவளைத் திருத்துறதுல அதிக நேரம் இருந்திருக்கேன். இன்னொண்ணும் தெரிஞ்சுச்சு, அவ படம் வரையும்போது ஒன்றரை மணி நேரம் அசையாம உக்காருவா. இதை வெச்சுத்தான் நான் கவனக் குறைபாடெல்லாம் இல்லைன்னு வாதாடிக்கிட்டு இருந்தேன். ஆனா பிடிச்சதுல மூழ்கிப் போறதும் பிடிக்காததுல பத்து நிமிஷம்கூட நிக்க முடியாததும் ஒரே பிள்ளைகிட்ட இருக்கலாம், கவனத்தைத் தேவைப்பட்ட பக்கம் திருப்புறதுலதான் சிக்கல்னு அப்புறம் விளக்கினாங்க.

நோட்டு எழுதும்போது நான் படிச்ச ஒரு விஷயம் மனசுலயே நின்னுச்சு. இது ஆட்டிசம் பத்தினது, எங்க மகளோடது வேற, இருந்தாலும் சொல்றேன். 1938ல அமெரிக்காவுல மிசிசிப்பியில ஒரு அப்பா, தன் அஞ்சு வயசுப் பையன் டொனால்டைப் பத்தி லியோ கேனர்ங்கிற டாக்டருக்கு 33 பக்கம் டைப் பண்ணி அனுப்பினார். பையன் எதைச் சுத்துறான், எதைத் திரும்பத் திரும்பச் சொல்றான், யாரைப் பாக்குறதில்ல, எல்லாம். அன்னிக்கு அதுக்கு ஒரு பேர் கிடையாது. 1943ல கேனர் 11 பிள்ளைங்களைப் பத்தி எழுதின கட்டுரையில முதல் பிள்ளை டொனால்ட். இன்னிக்கு உலகம் முழுக்க சொல்ற அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு அப்பா உக்காந்து எழுதின பக்கங்கள் இருக்கு. டொனால்ட் வளர்ந்து பேங்க்ல வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், ஊர் ஊரா சுத்தினார், 2023ல 89 வயசுல காலமானார். பேர் வெச்சா வாழ்க்கை அதோட நின்னுடும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தப்போ இதைப் படிச்சது எனக்குப் பெரிய ஆறுதல்.

அசெஸ்மென்ட் நான் பயந்த மாதிரி இல்ல. ரத்தம் எடுத்தோ ஸ்கேன் பண்ணியோ ஏடிஹெச்டியைச் சொல்லிட முடியாது, அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. முதல்ல கண்ணையும் காதையும் பார்க்கச் சொன்னாங்க. தூக்கம் எப்படின்னு கேட்டாங்க, குறட்டை விடுவாளான்னு கேட்டாங்க. வெறிச்சுப் பாக்குறப்போ கூப்பிட்டா, தொட்டா திரும்புறாளான்னு அழுத்தி அழுத்திக் கேட்டாங்க, ஏன்னா சில வகை வலிப்பு சில செகண்ட் வெறிச்ச பார்வையா மட்டும் வந்துட்டுப் போகும், வெளிய இருந்து பார்த்தா கனவு காணுற மாதிரியே இருக்கும். இதைப் படிக்கிறவங்க பிள்ளை தொட்டும் திரும்பலைன்னா, இல்ல பேசிக்கிட்டு இருந்த பிள்ளை பேச்சை இழக்குதுன்னா, லேபிள் வேணுமா வேண்டாமான்னு உக்காந்து யோசிக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட போங்க.

அப்புறம் எங்களுக்கு ஒரு கேள்வித்தாள், டீச்சருக்கு ஒண்ணு. வீட்டுல மட்டும் இருந்தாலோ ஸ்கூல்ல மட்டும் இருந்தாலோ அதை ஏடிஹெச்டின்னு சொல்றதில்ல, ரெண்டு இடத்துலயாவது இருக்கணும், ஆறு மாசமாவது நீடிச்சிருக்கணும், பன்னெண்டு வயசுக்கு முன்னாடி தொடங்கியிருக்கணும், கவனக் குறைவுக்குன்னு இருக்கிற ஒன்பது அறிகுறியில குறைஞ்சது ஆறு இருக்கணும், அதுவும் அந்த வயசுக்கு எதிர்பார்க்கிறதை விட அதிகமா இருக்கணும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கணும். நான் அந்த வயசு விஷயத்தைக் கேட்டேன், இவ கிளாஸ்லயே சின்னவ, அதைக் கணக்குல எடுத்தீங்களான்னு. எடுத்தோம், கிளாஸோட ஒப்பிடாம அவ வயசுப் பிள்ளைங்களோடதான் ஒப்பிட்டோம்னு ஸ்கோரைக் காட்டி விளக்கினாங்க. நீங்க போற இடத்துல இதைக் கண்டிப்பா கேளுங்க. இருபது நிமிஷம் பேசிட்டு, டீச்சர்கிட்ட ஒண்ணும் கேட்காம யாராவது பேர் எழுதிக் குடுத்தா, இன்னொருத்தர்கிட்ட போங்க. அவசரமா குத்தின முத்திரைக்கு நான் இன்னிக்கும் எதிரிதான்.

ஏடிஹெச்டிதான், கவனக் குறைவு மேலோங்கின வகைன்னு எழுதிக் குடுத்தாங்க. கார்ல வந்து உக்காந்து ரெண்டு பேரும் அழுதோம், எதுக்குன்னு இன்னிக்கும் சரியா தெரியல.

அந்தப் பேரோட கதையையும் நான் தேடிப் படிச்சேன். 1902ல லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்ங்கிற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைங்களைப் பத்தி உரை நிகழ்த்தினப்போ அவர் சொன்ன வார்த்தை "ஒழுக்கக் கட்டுப்பாட்டுல குறை". அப்புறம் மூளையில லேசான கோளாறுன்னாங்க. 1968ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநலப் பிரச்சனைகளைப் பட்டியல் போடுற டிஎஸ்எம் கையேட்டுல வந்த பேர்ல வெறும் துறுதுறுப்புதான் இருந்துச்சு. 1980ல வந்த பதிப்புலதான் பேர்லயே கவனம்ங்கிற வார்த்தை வந்துச்சு, ஓடாம ஆடாம இருக்கிற பிள்ளைக்கும் இது இருக்கலாம்னு எழுதினாங்க. 1987ல இப்போ இருக்கிற பேர். பேரை இப்படி மாத்திக்கிட்டே இருக்காங்களே, இதை நம்பி என் பிள்ளை மேல ஒட்டணுமான்னு நான் கேட்டுக்கிட்டு இருந்தவன். இப்போ அதே வரலாறு எனக்கு வேற மாதிரி தெரியுது. 1980க்கு முன்னாடி என் மகளை மாதிரி ஜன்னல் பக்கம் உக்காந்திருந்த பொண்ணுங்க யார் கண்ணுலயும் பட்டிருக்க மாட்டாங்க. இன்னிக்கும் பொண்ணுங்களுக்கு லேட்டாத்தான் தெரியுது, ஏன்னா அவங்க யாரையும் தொந்தரவு பண்றதில்ல, கஷ்டத்தை உள்ளயே வெச்சுக்கிறாங்க. கையில எழுதி வெச்சுக்கிறாங்க.

மகளுக்குச் சொல்றதா வேண்டாமான்னு மூணு வாரம் யோசிச்சோம். அவளுக்கு ஏற்கனவே தன்னைப் பத்தி ஒரு முடிவு இருந்துச்சு, அது நாங்க சொல்லப்போறதை விட ரொம்ப மோசமானது. அதனால சொன்னோம். ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும், உன் மூளைக்கு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுறது ஈஸி, ஒரே இடத்துல நிக்கிறது கஷ்டம், இதுக்கு ஒரு பேர் இருக்கு, அப்பாவுக்கும் இது இருக்கும்னு நினைக்கிறேன்னு சொன்னேன். "அப்போ நீயும் திட்டு வாங்குனியா?"ன்னு கேட்டா. நிறைய வாங்கினேன்னேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடிச்சு விரலை எண்ணிக்கிட்டே இருந்துட்டு, "அப்போ நான் ட்ரை பண்றேன்னு உனக்குத் தெரியும்ல?"ன்னா. தெரியும்மான்னு சொன்னேன். அது வரைக்கும் எனக்குத் தெரியாது, அதுதான் உண்மை.

ஸ்கூல்ல கிளாஸ் டீச்சர்கிட்ட மட்டும் சொன்னோம், முழு ரிப்போர்ட் குடுக்கல. அவளுக்கு என்ன வேணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தோம், முன் பெஞ்ச், ஒரு நேரத்துல ஒரு வேலை, பத்துக் கணக்குக்குப் பதிலா அஞ்சு, சொன்னதை போர்டுல எழுதிடுறது. டீச்சர் கொஞ்சம் செய்யுறாங்க, கொஞ்சம் மறந்துடுறாங்க, நாங்க போய் நினைவுபடுத்துறோம். மருந்து பத்தி இன்னும் முடிவெடுக்கல, அதைத் தப்புன்னும் நினைக்கல, பல பிள்ளைங்களுக்கு அது நல்லாவே கை குடுக்குதுன்னு டாக்டர் நிதானமா விளக்கினாங்க, அடுத்த வருஷம் பார்ப்போம்னு வெச்சிருக்கோம். சொந்தக்காரங்க யார்கிட்டயும் சொல்லல. அது அவளோட விஷயம், அவ பெரியவளாகி யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கட்டும். எங்களை மாதிரி யோசிச்சு, பிள்ளைக்கு வேண்டிய உதவி பேர் இல்லாமலே கிடைக்குதுன்னு விட்டுட்ட அப்பா அம்மாவையும் எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளை நல்லா இருக்கு, நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்க பொண்ணுக்கு அந்த உதவி கிடைக்கல, அவளே பேனா எடுத்துக்கிட்டா.

போன வாரம் திரும்ப கை கழுவி விட்டேன். இடது உள்ளங்கையில இப்பவும் எழுத்து இருந்துச்சு, எனக்கு ஒரு நொடி மூச்சு நின்னுச்சு. கிட்ட வெச்சுப் பார்த்தா, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு வார்த்தை. பாட்டில், டைரி, குடை. முதல் ரெண்டையும் அடிச்சிருந்தா, குடை அடிக்காம இருந்துச்சு. குடை எங்கம்மான்னு கேட்டேன். ஐயோன்னு வாசல் வரைக்கும் ஓடிட்டு, ஸ்கூல்லயே இருக்குப்பா, நாளைக்கு எடுத்துட்டு வந்து அடிச்சுக்கிறேன், அதை மட்டும் அழிச்சுடாதன்னு கையை நீட்டினா. குடையை மட்டும் விட்டுட்டு சுத்தி சோப்பு போட்டேன்.